பல் இல்லை, செல்லாது

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிக் கை பழகிவிட்டது, அதனால் எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு அதை நம்ப வேண்டாம்.

போனில் பேசலாமென்றால் போன தடவை பேச்சின் நடுவிலேயே வைத்துவிட்டீர்கள். அண்ணனைக் கூப்பிட்டேன். “உங்க ரெண்டு பேரு விஷயத்துல என்னை இழுக்காதீங்க” என்று அவரும் வைத்துவிட்டார். அதனால் என் பிரசவ நிலையத்திலிருந்து கர்ப்பிணிகளின் கூப்பன் சீட்டுகள் பணத்துக்காக உங்கள் அலுவலகத்துக்கு வருகிற பையிலேயே இந்தக் கடிதத்தையும் போட்டிருக்கிறேன். சீட்டுகளைத்தான் திருப்பி அனுப்பிவிட்டீர்கள், இதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பையைப் பிரித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒவ்வொரு சீட்டின் மேலும் உங்கள் சிவப்பு மை: ‘பல் இல்லை. செல்லாது.’ எந்தப் பல் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பை கொண்டுவந்த டிரைவர்தான் சொன்னார், சீட்டைக் கிழித்தால் ஓரத்தில் ரம்பம் மாதிரி வருமே, அதற்கு உங்கள் ஆபீஸில் பல் என்று பெயராம்.

சரி, பல் ஏன் இல்லை என்று கேட்டீர்களா? இங்கே வீடுகள் தகரக் கூரை. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். கையிலிருந்து காசு போட்டு வாங்கிய கூப்பன் நனையக் கூடாதென்று பெண்கள் அதற்கு லேமினேஷன் போட்டுவிட்டார்கள். பரிசோதனைக்கு ஒரு சீட்டு, ஸ்கேனுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று என்று கிழித்துக் கிழித்துக் கொடுக்க வேண்டிய கூப்பன் இப்போது பிளாஸ்டிக்குக்குள் கிடக்கிறது. கிழித்தால் கிழியவில்லை. நான் கத்தரிக்கோலால் வெட்டினேன். நேராக, அழகாகத்தான் வெட்டினேன்.

கூப்பனால் நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. வலி வந்த பிறகு ஓடிவந்தவர்கள் இன்று மூன்றாம் மாதமே வந்து என் பெஞ்சில் உட்கார்கிறார்கள். அதனால்தான் வயிறு எரிகிறது.

திரும்பி வந்ததில் ஒன்று தையல்காரியின் சீட்டு. எங்கள் தெருக்கோடியில் மிஷின் போட்டுத் துணி தைக்கிற பெண். இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் கடைசி மாதங்களில் இல்லாமல் போயின. இப்போது ஏழு மாதம். பிரஷர் ஏறுகிறது, கால் வீங்குகிறது. இவளுக்கு என் பிரசவ நிலையத்தில் பிள்ளை பிறக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும். அதற்கு வண்டிச் சீட்டும் பிரசவச் சீட்டும் செல்ல வேண்டும். காசு கொடுத்துப் பார்க்கிற நிலையில் அந்த வீடு இல்லை.

அவளுடைய மாமியாரை நாங்கள் ஜட்ஜம்மா என்போம். அந்த வீட்டில் தீர்ப்பு அவருடையது. சீட்டு திரும்பிய சேதியைச் சொல்லி, “பல் இல்லைன்னு எழுதியிருக்காங்க” என்றேன். அந்த அம்மாவுக்கு முன்பல் மேலேயும் கிடையாது, கீழேயும் கிடையாது. “எனக்குப் பல்லு இல்லைன்னு அங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு யாரு சொன்னது? பல்லு இல்லாதவ வீட்டுல பிள்ளை பொறக்கக் கூடாதா?” என்று கேட்டார். என்ன விளக்கியும் இன்னும் முழுதாக நம்பவில்லை.

நீங்களே வந்து விளக்கிவிட்டுப் போங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஜூன் 19

நாத்தனாருக்கு,

வேலைப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன்.

பல் என் ஆசைக்கு வைத்ததில்லை. இந்தத் திட்டம் தொடங்கிய புதிதில் ஒரு மருத்துவமனை சீட்டுகளைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, உண்டாகாத பெண்களுக்கெல்லாம் பிரசவம் பார்த்ததாகப் பணம் வாங்கியது. அந்தப் பட்டியலில் ஒரு ‘கர்ப்பிணி’ அவர்கள் வாசல் காவலாளி. மீசை வைத்தவர். சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம் என்று எழுதியிருந்தார்கள். ஜெராக்ஸில் பல் வராது. அன்றிலிருந்து ஓரத்தில் பல் இருந்தால்தான் சீட்டு.

உன் சீட்டை மட்டும் ஏன் இப்படிப் பார்க்கிறேன் என்று போனில் கேட்டாயே, அதற்கும் பதில் சொல்கிறேன். உன் நிலையத்தைத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னதே நான். அன்றிலிருந்து உன் பை வந்தால் எதிர்மேஜைக்காரர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார். ஊரார் சீட்டை ஒரு தடவை பார்த்தால் போதும், நாத்தனார் சீட்டை இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது. நீ அதற்குப் பகை என்று பெயர் வைத்திருக்கிறாய்.

லேமினேஷன் போட்ட கூப்பனைப் பையில் திருப்பி அனுப்பு. வேறு கூப்பன் தருகிறோம். வந்து சேர ஒரு மாதம் ஆகலாம்.

எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரு தெருவே எப்படி ஒரே சமயத்தில் லேமினேஷன் போட்டது? யாரோ சொல்லாமல் இது நடக்காது. யார் சொன்னது?

உன் அண்ணன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் நீ எழுதியதைப் படித்தபோதும் தலையாட்டினார், நான் எழுதியதைப் படித்தபோதும் தலையாட்டினார்.

தையல்காரியை அடிக்கடி வரச் சொல்லிப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

ஜூலை 3

அண்ணிக்கு,

ஒரு மாதமா? பிள்ளைகள் உங்கள் ஒரு மாதத்துக்குக் காத்திருந்தா பிறக்கும்?

கூப்பனைத் திருப்பித் தாருங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒருத்தரும் தரவில்லை. ஜட்ஜம்மா அதைச் சுவரில், செத்துப்போன தன் வீட்டுக்காரரின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். எட்டித் தொடப் போனேன், குறுக்கே வந்து நின்றார். “இதை நீங்க கொண்டுபோயிட்டா, நாளைக்கே வலி வந்தா நான் ஆணியைக் கொண்டுபோய்க் காட்டுறதா?” என்றார். இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

யார் சொன்னது என்று கேட்டிருந்தீர்கள். நான்தான் சொன்னேன். எங்கள் எதிரில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. போய்ப் பிளாஸ்டிக் போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே ஒவ்வொருத்தியையும் அனுப்பினேன். கடைக்காரர் என்னை இப்போது வாடிக்கையாளர் போல விசாரிக்கிறார். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கூப்பனைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பெரிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது? ‘இக்கூப்பனை நனையாமல், கிழியாமல் பாதுகாக்கவும்.’ முன்பக்கத்தில்: ‘ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்கவும்.’ கிழிக்கச் சொல்கிறீர்களா, கிழிக்காதே என்கிறீர்களா? எழுதப் படிக்கத் தெரிந்த நானே பின்பக்கத்தைத்தான் நம்பினேன். இந்த வரியை எழுதிய மகராசி யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

இப்போது சிரிப்பு வராத விஷயம். போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தியை நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கவுண்டரில் கூப்பனைப் பார்த்து, பிளாஸ்டிக் போட்டது செல்லாது, பணம் கட்டு என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரன் கடன் கேட்க ஓடியிருக்கிறான். அவள் வாசலில் வண்டிக்குள்ளேயே பெற்றுவிட்டாள். பிள்ளை பிழைத்தது. அவளுக்கு இரத்தம் நிற்காமல் போன பிறகுதான் உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்கள். இப்போது தேறி வருகிறாள்.

அவள் தேறிவிட்டாள், தெரு தேறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலில் நிற்க வைப்பார்கள் என்று எல்லா வீட்டிலும் பேச்சு. ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார்: அவர் மருமகளுக்குப் பிரசவம் வீட்டில்தான். தையல்காரிக்கு நேற்று சிறுநீரில் உப்பு இறங்கியிருக்கிறது. வீட்டில் பெற்றால் இந்தத் தடவை பிள்ளையோடு போகாது, அவளும் போய்விடுவாள். இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் கத்துகிறேன்.

நாத்தனார்

*

ஜூலை 9

நாத்தனாருக்கு,

அந்த மகராசி நான்தான்.

பின்பக்கம் காலியாக இருக்கிறதே, ஏதாவது எழுதுங்கள் என்று மேலாளர் சொன்னார். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்றார். அவர் எதைத்தான் நன்றாக இல்லை என்றிருக்கிறார்? உன் கடிதம் வந்த பிறகு கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை நாள் என் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று என்று தெரியவில்லை. அந்த வண்டியில் பெற்ற பெண்ணை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். குழு கூடி முடிவெடுக்க வேண்டும் என்றார். எப்போது கூடும் என்றேன். குழுவை முதலில் அமைக்க வேண்டும் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டேன். உங்கள் அலுவலகம் சீட்டுக்குப் பணம் தந்தால் நாங்கள் ஏன் நிறுத்துகிறோம் என்று என்னையே கேட்டார்கள். அதுவும் நியாயம்தான், போன மாதம் அவர்கள் சீட்டுகளையும் நான் திருப்பியிருக்கிறேன்.

வீட்டில் ஒரு மாதிரிக் கூப்பனுக்கு லேமினேஷன் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி உரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கோடு எழுத்தும் வந்துவிட்டது. உன் அண்ணனின் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சட்டையில் பொத்தான் பட்டி பிரிந்திருந்தது, வீட்டுத் தையல் மிஷினில் அதைத் தைக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். நூல் தீர்ந்துபோனது தெரியாமல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். துணியில் தையல் இல்லை, வரிசையாக ஓட்டை மட்டும் இருந்தது. உடனே லேமினேஷன் போட்ட இன்னொரு மாதிரிக் கூப்பனை எடுத்து, நூல் கோக்காத ஊசியை, சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே கிழிக்கிற கோட்டின் மேலேயே ஓட்டினேன். இழுத்தேன். கிழிந்தது. ஓரத்தில் பல்.

அந்தத் துண்டைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பார். உன் தெருவில் தையல்காரி இருக்கிறாள், மிஷின் இருக்கிறது. பெடலை அவள் மிதிக்கக் கூடாது, வேறு யாராவது மிதிக்கட்டும். ஜெராக்ஸா இல்லையா என்பதற்கு, கூப்பனை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே முத்திரை தெரிகிறது, பிளாஸ்டிக் வழியாகவும் தெரிகிறது. அப்புறம் இத்தனை நாள் பல் எதற்கு என்று கேட்காதே. நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சீட்டில் பல் இருக்க வேண்டும் என்றுதான் விதி. அது எந்த மிஷினில் விழுந்தது என்று விதியில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக் கவுண்டருக்கும் இதை எழுதி, என் முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். எதிர்மேஜைக்காரர் கழுத்தை நீட்டட்டும்.

ஜட்ஜம்மாவிடம் பேசு. காலில் விழுந்தாவது பேசு.

அண்ணி

*

ஜூலை 17

அண்ணி,

டிரைவர் வாசலில் நிற்கிறார், வேகமாக எழுதுகிறேன்.

ஜட்ஜம்மா ஒப்புக்கொண்டார். கூப்பன் வீட்டை விட்டு வெளியே போகாது, தன் கண் முன்னால்தான் நடக்க வேண்டும், தானேதான் பெடல் மிதிப்பேன், தானேதான் கிழிப்பேன் என்றார். காசு கொடுத்தவர் அவராம். இன்று காலை நான் பிரஷர் பார்க்கிற கருவியோடு போனேன். முதலில் ஒரு பழைய அட்டையில் ஓட்டிப் பார்த்தோம். ஜட்ஜம்மா மிதித்த மிதியில் ஊசி ஒன்று போயிற்று. அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

அப்புறம் கூப்பன். தையல்காரி பிடித்துக்கொள்ள, மாமியார் மிதித்தார். வண்டிச் சீட்டின் கோடு ஒரு மாதிரி வந்துவிட்டது. பிரசவச் சீட்டின் கோட்டில் ஊசி விலகிப் போயிற்று. மறுபடி ஆரம்பித்தாள், அதுவும் பக்கத்திலேயே இன்னொரு வரிசையாக ஓடியது. நான், என் வாய் சும்மா இருக்குமா, ஊர்த் துணியெல்லாம் நேராகத் தைக்கிறவளுக்கு இந்த ஒரு கோடு பிடிபடவில்லையா என்று கத்தினேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். “கோடு ரெண்டாத் தெரியுது நர்ஸம்மா. எதுன்னு பார்த்து ஓட்டுறது?” என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். முந்தாநாளிலிருந்து கண் முன்னால் பூச்சி பறக்கிறதாம், மண்டை இடிக்கிறதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். “சொன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க. சீட்டு செல்லாம வாசல்ல நிக்கணும். சீட்டு சரியானதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்” என்றாள்.

கேட்டீர்களா அண்ணி? சீட்டு சரியாகட்டும் என்று உயிரைப் பிடித்து வைத்திருந்தாளாம். நீங்கள் ஒரு வரி எழுதினீர்கள், நான் ஒரு கடைக்கு அனுப்பினேன், அவள் ரெண்டு நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரஷர் பார்த்தேன், எழுத மாட்டேன். ஊசி போட்டு, படுக்க வைத்து, வண்டியைக் கூப்பிட்டேன். ஜட்ஜம்மா கூப்பனில் இரண்டு சீட்டையும் கிழித்துக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். என்னால் கூடப் போக முடியவில்லை. இங்கே இன்னொருத்திக்கு வலி எடுத்துவிட்டது.

பிரசவச் சீட்டில் பல் இரண்டு வரிசை. கோணல்மாணலாக இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பினால் அப்புறம் நான் உங்கள் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்.

*

ஜூலை 24

நாத்தனாருக்கு,

பெரிய ஆஸ்பத்திரிப் பை இன்று வந்தது. மற்றதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு அந்தச் சீட்டைத் தேடினேன். தேடவே வேண்டாம், இரண்டு வரிசைப் பல்லோடு அது ஒன்றுதான் இருந்தது. சேர்த்துக்கொண்டார்கள், ஆபரேஷன் செய்தார்கள் என்பதுவரை தெரிகிறது. தாய், சேய் என்று இரண்டு கட்டம் உண்டே, இரண்டையும் நிரப்பாமல் அனுப்பியிருக்கிறார்கள். கட்டம் காலியாக இருந்தால் சீட்டைத் திருப்ப வேண்டும் என்று விதி எழுதியவளும் நான்தான். அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

எதிர்மேஜைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். “இது ரெண்டு வரிசையா இருக்கே, விதி என்ன சொல்லுது?” என்றார்.

“பல் இருக்கணும்னு சொல்லுது. எத்தனை வரிசைன்னு சொல்லலை” என்றேன்.

பாஸ் செய்துவிட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் ‘பல் தேவைக்கு மேலேயே இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த வேலையில் நான் மனசார எழுதிய முதல் குறிப்பு அதுதான்.

உனக்கு மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. கோபத்திலா, பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாயா? என்ன ஆயிற்று என்று எழுது. திட்டி எழுதினாலும் சரி. பையில் சீட்டே இல்லாவிட்டாலும் சரி, கடிதம் இருக்க வேண்டும்.

அண்ணி

*

ஆகஸ்ட் 14

அண்ணிக்கு,

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அதற்கு லேமினேஷன் போட்டிருக்கவில்லை.

போன வாரப் பையில் எழுதியிருக்கலாம். எழுதினால் கண் பட்டுவிடுமோ என்று பயந்துகொண்டு எழுதவில்லை. நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தார்கள், இரண்டு பேரும். அந்தக் கட்டங்களில் இப்போது நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தாய்க்கு வழியில் ஒரு தடவை வலிப்பு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிமிஷம்கூட நிறுத்தவில்லையாம். நிறுத்தியிருந்தால் என்று டாக்டர் பாதி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாராம். பிரஷருக்கு இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். கோடு ஒன்றாகத் தெரிகிறது, நான் கேட்டேன்.

பெண் குழந்தை. சின்னஞ்சிறுசு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு இத்தனூண்டு இருந்துகொண்டு அழுகை மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

இன்று ஜட்ஜம்மா குழந்தையை என்னிடம் தூக்கி வந்தார், பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கு. சீட்டைத் தானே கிழித்துக் கொடுத்தார். பல் நேராக இருக்கிறது, மருமகளையே ஓட்டச் சொல்லித் தான் மிதித்தாராம். தெருவில் மற்றக் கூப்பன்களும் வரிசையில் நிற்கின்றன. ஜட்ஜம்மா மிதித்தால்தான் சரியாக வரும் என்று தெருவில் பெயர் எடுத்துவிட்டார். நான் ஒரு தடவை மிதிக்கப் போனேன், எழுந்திருங்க என்றுவிட்டார்.

எடை பார்க்கிறபோது குழந்தை வாயை ஆவென்று திறந்தது. ஜட்ஜம்மா குனிந்து உள்ளே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “இதுக்கும் பல்லு இல்ல. செல்லுமா செல்லாதான்னு உங்க அண்ணியக் கேட்டு எழுதுங்க” என்றார்.

கேட்டுவிட்டேன். பதில் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள நாத்தனாருக்கு,

குழு ஒருவழியாகக் கூடியது. பெண்கள் கூப்பனைப் பத்திரப்படுத்த விரும்புவதால் அடுத்த முறை கிழியவே கிழியாத பிளாஸ்டிக் தாளில் அச்சடிப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள். சீட்டை எப்படிக் கிழிப்பது என்று கேட்டேன். அதற்குத் தனிக் குழு போடுகிறார்களாம். நான் எழுந்து வந்துவிட்டேன். உங்கள் தெருவில் மிஷினை விற்றுவிட வேண்டாமென்று சொல்.

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை தலையாட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் அழவில்லை என்று நினைக்காதே.

ஜட்ஜம்மாவிடம் சொல்: செல்லும்.

அண்ணி